என் சுதந்திரம், அவர் மனச்சாட்சி: எதுவரை விட்டுக்கொடுப்பது?

ஜன்னலோரம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒரு சங்கடம் ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன்.

வேத தியானமும் ஜெபமும் முடிந்ததும் நாங்கள் சேர்ந்து சாப்பிடுவோம். சில வீடுகளில் மேசையில் ஒயின் இருக்கும். யாரும் அளவு மீறுவதில்லை, ஒரு கோப்பையோடு சரி. அவ்வப்போது கூட்டம் முடிந்தபின் சேர்ந்து படமும் பார்ப்போம். இதில் இரண்டு பேரைப் பற்றித்தான் என் கேள்வி.

ஒருவர் புதிதாக வந்தவர். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். எதையும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் ஒயின் வைக்கும் வீட்டில் கூட்டம் என்றால் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

இன்னொருவர் பல வருட விசுவாசி, சபையில் மூப்பர். படம் பார்ப்பது உலகத்தனம் என்பது அவர் நிலைப்பாடு. "எனக்கு இடறலாக இருக்கிறது, நிறுத்துங்கள். பவுல் என்ன சொன்னார் என்று படியுங்கள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இளைஞர்கள் உடனே கலாத்தியர் 5-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடிமைத்தனத்தின் நுகத்துக்கு மறுபடியும் உட்பட மாட்டோம் என்கிறார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில்தானா? பேசாமல் இரண்டையும் நிறுத்திவிட்டால் அமைதி கிடைக்கும். ஆனால் அது அன்பா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

உப்புக்கல் எழுதியது:

ஒரே பதில் இல்லை. ஒயினை எடுத்துவிடுங்கள், படம் ஓடட்டும்.

பல வருட விசுவாசி, அதுவும் மூப்பர், ஒரு படத்தைப் பார்த்து எப்படி இடறப் போகிறார்? நீங்கள் பார்ப்பதைப் பார்த்து அவரும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கி, அதனால் விசுவாசத்தை விட்டுவிடுவாரா? அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் போட்டிருக்கும் பெயர்தான் இடறல்.

எளியவன் எழுதியது:

உப்புக்கல் தம்பி, நிதானம். 1 கொரிந்தியர் 8:13-ஐ ஒருமுறை வாசியுங்கள். உணவு என் சகோதரனுக்கு இடறல் என்றால் என்றைக்கும் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்கிறார் பவுல். அந்தச் சகோதரன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, அவன் எத்தனை வருட விசுவாசி என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவர் அதைச் சொல்லவில்லை. "என்றைக்கும்" என்கிறார்.

ஒரு படம் பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரு மனிதரின் மனம் நோவதைவிட அது பெரிய நஷ்டமா?

பழைய_பிரதி எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி இருக்கிறது. பவுல் எந்தச் சூழலில் இதை எழுதினார் என்பதை வைக்காமல் பேசினால் சுற்றிச் சுற்றித்தான் வருவோம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரிந்துவில் கோவில் என்பது வழிபாட்டு இடம் மட்டும் அல்ல, விருந்துக்கூடமும் கூட. அங்கே நடந்த அகழாய்வுகளில் அஸ்கிலேப்பியஸ் என்ற கிரேக்க தெய்வத்தின் கோவிலை ஒட்டியும், மலைச்சரிவில் இருந்த தெமேத்தர் தேவியின் வளாகத்திலும் சாப்பாட்டு அறைகள் கிடைத்திருக்கின்றன. சுவரை ஒட்டிச் சாய்ந்து சாப்பிடும் இருக்கைகளோடு. வசதியானவர்களுக்கு அங்கே அழைப்பு வருவது சாதாரணம். "விக்கிரகம் ஒன்றுமில்லை, தேவன் ஒருவரே" என்று அறிந்த விசுவாசி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகத்தை உண்மையாகவே கும்பிட்ட இன்னொருவன் அதைப் பார்க்கிறான். 8:10-ல் பவுல் சொல்லும் ஆபத்து என்ன? அவன் முகம் சுளிப்பான் என்பது அல்ல. அவனும் துணிந்து சாப்பிடுவான் என்பது. தன் மனச்சாட்சி "இது தப்பு" என்று சொல்லும்போதே, மற்றவனைப் பார்த்துச் செய்துவிடுவான். அங்கேதான் அவன் கெட்டுப்போகிறான். அடுத்த வசனம் இன்னும் கடுமையானது: அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே என்கிறது.

ஆகவே அங்கே இடறல் என்பது தன் மனச்சாட்சிக்கு எதிராக ஒருவனைச் செய்ய வைப்பது. மனவருத்தம் வேறு, இது வேறு.

அதே நிருபத்தில், அதாவது கடிதத்தில், 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சந்தையில் விற்கிற எதையும் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார். அவிசுவாசி வீட்டு விருந்தில் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். "இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது" என்று ஒருவன் சொன்னால் மட்டும், சொன்னவனுக்காக விட்டுவிடு என்கிறார். உடனே, என் சுயாதீனம் மற்றொருவனுடைய மனச்சாட்சியினால் தீர்க்கப்படுவது எதற்கு என்றும் கேட்கிறார். விட்டுக்கொடுத்தபின்னும் அது தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கை விட்டுக்கொடுக்கிறது, மனச்சாட்சியை அடமானம் வைக்கவில்லை.

இனி ரோமர் 14. அது வேறு ஊர், வேறு பிரச்சினை. சுமார் 49-ல் கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றினார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துக்கு வந்தது அப்படித்தான் (அப்போஸ்தலர் 18:2). 54-ல் அவர் இறந்தபின் யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது, அங்கே சபை பெரும்பாலும் புறஜாதியார் (யூதரல்லாதவர்) கையில் இருந்திருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சில வருடங்கள் கழித்துப் பவுல் நிருபம் எழுதுகிறார். காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர், நாள் பார்க்கிறவர் ஒரு பக்கம், எல்லாம் சாப்பிடுகிறவர் மறுபக்கம். முதல் தரப்பைப் பலவீனர் என்றும், மறுதரப்பைப் பலமுள்ளவர் என்றும் சொல்கிறார். இரண்டு தரப்புக்கும் தனித்தனிப் பாவத்தைச் சுட்டிக்காட்டுகிறார். சாப்பிடுகிறவன் மற்றவனை அற்பமாக எண்ணக்கூடாது. சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. முதல் பாவம் உங்கள் கூட்டத்து இளைஞர்களுடையது, இரண்டாவது அந்த மூப்பருடையது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நான் அங்கே இல்லை.

கேள்விக்குறி எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். வெறுமனே மனம் வருந்துகிறவருக்காக விட்டுக்கொடுக்கவே வேண்டாம் என்றால், மத்தேயு 17-ல் இயேசு ஏன் ஆலய வரியைக் கட்டினார்? "பிள்ளைகள் வரி கட்டத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு இடறலாகாதபடி என்று பேதுருவிடம் ஒரு மீனைப் பிடித்து, அதன் வாயில் இருக்கும் காசை வரியாகக் கட்டச் சொல்கிறார். வரி வசூலிக்க வந்தவர்கள் பலவீன விசுவாசிகள் இல்லையே!

பழைய_பிரதி எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. அதோடு மத்தேயு 15-ஐயும் சேர்த்து வையுங்கள். கைகழுவும் பாரம்பரியத்தைப் பற்றி இயேசு பேசியதைக் கேட்டுப் பரிசேயர் இடறலடைந்தார்கள் என்று சீஷர்கள் வந்து சொல்கிறார்கள். "அவர்களை விட்டுவிடுங்கள்" என்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி வரியைக் கட்டுகிறார்.

வரியில் போனது அவருடைய உரிமை மட்டும். கைகழுவுதலில் மனுஷர் கட்டளை தேவனுடைய கட்டளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அங்கே விட்டுக்கொடுத்தால் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனத்துக்குத் தவறான பாடம் போய்ச் சேரும். என் உரிமை மட்டும் போகிறது என்றால் தாராளமாக விடலாம் என்பது என் வாசிப்பு.

மெழுகுத்திரி எழுதியது:

இடறல் என்ற சொல்லை இவ்வளவு நிதானமாகப் பேசுகிறீர்கள். எங்களிடம் அது எப்படி வந்து சேருகிறது என்று ஒரு சகோதரி சொல்லலாமா?

என் உடையின் நீளம் இடறல். நகை போட்டால் இடறல். பாடல் குழுவில் முன்வரிசையில் நின்றால் இடறல். யாருக்கு இடறல் என்று கேட்டால் ஒரு பெயர் வராது. "சகோதரர்களுக்கு" என்பார்கள். எந்தச் சகோதரர் என்று தெரிந்தால் பேசித் தீர்க்கலாம். பெயரில்லாத ஒரு பலவீனருக்காகக் கடைசிவரை நான் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மத்தேயு 5:29-ல் கண் இடறல் உண்டாக்கினால் அந்தக் கண்ணுக்குரியவனிடம்தான் இயேசு பேசுகிறார். எதிரே நிற்பவளிடம் அல்ல. நாகரிகமாக உடுத்துவதை நான் மறுக்கவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தரப்பு மட்டும் எப்போதும் கணக்குக் கொடுக்கும் அன்பு எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?

பவுல் இந்த வசனங்களை யாரை நோக்கி எழுதினார் என்பதைக் கவனியுங்கள். பலமுள்ளவர்களை நோக்கி. தன் உரிமையைத் தானே கீழே வைக்கச் சொன்னார். மற்றவர் உரிமையைப் பிடுங்க அவர் யாருக்கும் கருவி கொடுக்கவில்லை. நாம் அந்த வசனத்தை அடுத்தவரிடம் நீட்டும்போதே அது வேறு ஏதோவாக மாறிவிடுகிறது.

உப்புக்கல் எழுதியது:

சிஸ்டர், கடைசிப் பத்திக்கு ஆயிரம் ஆமென். 1 கொரிந்தியர் 9 முழுவதும் அதுதான். சம்பளம் வாங்க எனக்கு உரிமை உண்டு, மனைவியை அழைத்துக்கொண்டு போக எனக்கு உரிமை உண்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவற்றில் ஒன்றையும் நான் பயன்படுத்தவில்லை என்கிறார். தன்னைப் பற்றிச் சொல்கிறார். கேபாவை, அதாவது பேதுருவைப் பார்த்து நீயும் மனைவியை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை.

எளியவன் எழுதியது:

எல்லாம் படித்தேன். சகோதரி சொன்னது நியாயம், அதில் எனக்கு விவாதமே இல்லை.

ஆனால் இந்த இழையில் ஒன்றைக் கவனிக்கிறேன். பலவீனர் என்ற பெயரை இங்கே யார் யாருக்கு வைக்கிறார்கள்? ஒயின் குடிப்பவரும் படம் பார்ப்பவரும் பலமுள்ளவர். நான் படம் பார்ப்பதில்லை, ஆகவே நான் பலவீனன். அல்லது பரிசேயன். நடுவில் எனக்கு இடமே இல்லையா?

நான் பார்க்காததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் என் நேரத்தையும் மனதையும் அது எப்படித் தின்றது என்று எனக்குத் தெரியும். என் கர்த்தருக்கென்று அதை விட்டேன். அதைச் சட்டம் என்று யார் தலையிலும் கட்டவில்லை. ரோமர் 14:6 அப்படிப்பட்டவனை மதிக்கிறது: சாப்பிடாதவனும் கர்த்தருக்கென்று சாப்பிடாதிருக்கிறான், அவனும் ஸ்தோத்திரம் செலுத்துகிறான். ஆனால் சபையில் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். "பழைய ஆள்" என்று. அந்தச் சிரிப்பு 14:3-ன் முதல் பாதி. அதற்கு யாரும் இழை தொடங்குவதில்லை.

அந்த மூப்பர் எல்லார் முன்னாலும் சொன்ன விதம் சரியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா?

பழைய_பிரதி எழுதியது:

எளியவன் ஐயா, நீங்கள் சொன்னது இந்த இழைக்குத் தேவையாக இருந்தது. விலகியிருப்பது பலவீனம் ஆகாது. தனக்கு அனுமதி இருக்கிறது என்று தெரிந்தும் விலகுகிறவன் பலமுள்ளவனாகவே இருக்கலாம். பவுலே அப்படித்தானே செய்தார்?

மூப்பரைப் பற்றி இப்போது யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஒரே செயலை ஓர் இடத்தில் செய்து இன்னோர் இடத்தில் மறுக்கலாம் என்பதற்குப் பவுலே உதாரணம். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தார், அந்தப் பகுதியில் இருந்த யூதர்களுக்காக (அப்போஸ்தலர் 16:3). இன்னோர் உடன் ஊழியன் தீத்துவின் விஷயத்தில் சிலர் அதையே வற்புறுத்தியபோது "ஒருநாழிகையாகிலும்" இணங்கவில்லை (கலாத்தியர் 2). ஊழியத்தின் கதவு திறக்க அவராக முன்வந்து செய்தது ஒன்று. இது இல்லாமல் நீ முழுக் கிறிஸ்தவன் இல்லை என்ற நிபந்தனைக்கு மறுத்தது மற்றொன்று. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு ஒதுங்கியபோதும் இதே கதைதான். எருசலேமிலிருந்து வந்த யூத விசுவாசிகளுக்கு இடறல் வேண்டாம் என்று பேதுரு நினைத்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்துபோன மேசையில் புறஜாதி விசுவாசிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தரப்பின் மனதைக் காப்பாற்றப் போய் இன்னொரு தரப்பை இரண்டாந்தரம் ஆக்கிவிட்டார். பவுல் எல்லார் முன்பாகவும் கண்டித்தார்.

சீர்திருத்தவாதி லூத்தர் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். 1520-ல் கிறிஸ்தவ சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது இரண்டு வகை ஆட்களைப் பிரித்தார். சடங்கைப் பிடித்துக்கொண்டு அதுவே இரட்சிப்பு என்று வற்புறுத்துகிற பிடிவாதக்காரர் முன்னால், வேண்டுமென்றே அந்தச் சடங்கை மீறு. இன்னும் புரியாத எளிய மனிதர் முன்னால், அவர் வளரும்வரை விட்டுக்கொடு. இதை எழுதிய அதே மனிதர் 1522 மார்ச்சில் வார்ட்பர்க் கோட்டையை விட்டு விட்டன்பர்க் நகருக்குத் திரும்பினார். அவர் இல்லாத நேரத்தில் அங்கே மாற்றங்களை வேகவேகமாகத் திணித்திருந்தார்கள். தொடர்ந்து எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். நீங்கள் செய்தவற்றில் பல சரிதான், ஆனால் பலவீனரைப் பார்க்காமல் செய்தீர்கள், அன்பு இல்லை என்பதே அவற்றின் சாரம்.

அதே மாதம் சூரிச் நகரத்தில், உபவாச காலத்தில் ஓர் அச்சகத்தார் வீட்டில் சிலர் இறைச்சி சாப்பிட்டார்கள். அந்நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்லி அங்கே இருந்தார், ஆனால் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்தார். மற்றவரின் உரிமைக்காகப் பேச நாம் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இது.

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, "தேவையானவற்றில் ஒற்றுமை, ஐயமானவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு" என்று அகஸ்டின் சொன்னாரே. அதைப் போட்டால் விவாதமே முடிந்துவிடும் அல்லவா?

பழைய_பிரதி எழுதியது:

அது அகஸ்டின் சொன்னது அல்ல தம்பி. 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ரூப்பர்ட்டஸ் மெல்டேனியஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு லூத்தரன் இறையியலாளர்தான் அதைப் பரப்பியவர். நல்ல வாக்கியம். ஆனால் அது விவாதத்தை முடிக்காது, தொடங்கிவைக்கும். எந்த விஷயம் எந்தப் பட்டியலில் போகும் என்பதில்தானே சண்டையே! நம் மூப்பருக்குப் படம் முதல் பட்டியலில் இருக்கிறது.

அகஸ்டின் உண்மையாகவே சொன்னது ஒன்று உண்டு. அவர் தாய் மோனிக்கா மிலான் நகருக்கு வந்தபோது அங்கே சனிக்கிழமை உபவாசம் இல்லாததைப் பார்த்துக் குழம்பினார். தாய்க்காக அகஸ்டின் ஆயர் அம்புரோஸிடம் கேட்டார். "நான் இங்கே இருக்கும்போது சனிக்கிழமை உபவாசிப்பதில்லை, ரோமில் இருக்கும்போது உபவாசிக்கிறேன்" என்றார் அவர். எந்தச் சபைக்குப் போகிறீர்களோ அதன் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள், நீங்களும் யாருக்கும் இடறலாக மாட்டீர்கள், உங்களுக்கும் யாரும் இடறலாக மாட்டார்கள் என்றாராம். ஆர்ப்பாட்டம் இல்லாத பதில்.

உப்புக்கல் எழுதியது:

இதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போன இடத்து வழக்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் 1548-ல் நடந்ததுதான் நடக்கும். பேரரசர் அழுத்தம் கொடுத்தார், பழைய சடங்குகள் சிலவற்றை ஏற்றுக்கொள்ளலாம், அவை அத்தியாவசியம் இல்லைதானே என்று லூத்தரின் சகாவான மெலாங்தன் சொன்னார். இன்னொரு லூத்தரன் இறையியலாளரான பிளாசியஸ் ஒத்துக்கொள்ளவில்லை. விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய நேரத்தில், கட்டாயப்படுத்தித் திணித்தால், சாதாரண விஷயம்கூடச் சாதாரணமாக இருக்காது என்றார். 1577-ல் லூத்தரன்கள் ஒருமைப்பாட்டு வாய்பாடு என்ற தங்கள் விசுவாச அறிக்கையில் பத்தாம் பிரிவாக எழுதி வைத்தது அவர் பக்கத்தைத்தான்.

மெழுகுத்திரி எழுதியது:

தம்பி, பேரரசர் படையோடு வந்து நின்றதும் ஒரு மூப்பர் வீட்டுக் கூட்டத்தில் முகம் சுளித்ததும் ஒன்றா? கொஞ்சம் அளவு பாருங்கள்.

நெறியாளர் எழுதியது:

சீர்திருத்த கால வரலாற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மெலாங்தனைப் பற்றி வந்த மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே ஜன்னலோரம் கேட்ட கேள்விக்கு வரவும்.

மறுகரை எழுதியது:

வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்தப் புதியவர் இல்லை. ஆனால் அவர் இடத்தில் இருந்தவன். குடியை விட்டவன்.

ரோமர் 14:21-ல் இறைச்சியோடு மதுபானத்தையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது வெறும் உதாரணம் அல்ல. உங்களுக்கு ஒரு கோப்பை, எனக்கு அது ஒரு கோப்பையோடு நிற்காது. மேசையில் பார்த்தாலே மனதுக்குள் பேரம் தொடங்கிவிடும். "இவர்கள் எல்லாரும் ஜெபித்துவிட்டுத்தானே குடிக்கிறார்கள், இவ்வளவு நல்லவர்கள், அப்புறம் எனக்கு மட்டும் என்ன?" பவுல் சொன்ன துணிவு இதுதான். பழைய நண்பர்கள் கூப்பிட்டால் மறுப்பது எனக்குச் சுலபம். சபை மேசையில் மறுப்பதுதான் கடினம்.

அதனால் எடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் பெயரைச் சொல்லி எடுக்காதீர்கள். "சகோதரருக்காக இன்று முதல் ஒயின் இல்லை" என்று ஜெபக் குறிப்புபோல அறிவித்தால் அவர் மறுவாரம் வரமாட்டார். உங்கள் தியாகத்தின் விலைச்சீட்டு அவர் நெற்றியில் ஒட்டியிருக்கும். சும்மா வைக்காமல் இருங்கள். யாராவது கேட்டால் "இன்றைக்கு இல்லை" என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. அவரை என்றைக்கும் பலவீனர் என்ற பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். எனக்குச் சபையில் முதலில் பொறுப்புக் கொடுத்தபோதுதான் நான் இங்கே நோயாளி இல்லை, சகோதரன் என்று பட்டது. ஒயின் விஷயத்தில் நான் பலவீனன்தான், மறைக்கவில்லை. ஜெபத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

கேள்விக்குறி எழுதியது:

அப்படியானால் திருவிருந்து? அங்கே ஒயினைத் தவிர்க்க முடியாத சபைகள் இருக்கின்றனவே.

மறுகரை எழுதியது:

எங்கள் சபையில் திராட்சைச்சாறுதான். 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் பல்மருத்துவர், புளிக்காத திராட்சைச்சாற்றைச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் வழியைத் திருவிருந்துக்காகத்தான் செய்தார். ஒயினையே பயன்படுத்தும் சபைகளில் அப்பம் மட்டும் பெற்றுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆயரிடம் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் வழி இருக்கும்.

ஜன்னலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மறுகரை அண்ணன் எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கூட்டம் நடத்தும் வீட்டுக்காரர்களிடம் தனித்தனியாகப் பேசினேன். காரணம் விளக்காமலே புரிந்துகொண்டார்கள். ஒரே ஒருவர், "என் வீட்டில் நான் என்ன வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதா?" என்றார். சொல்லவில்லை, கேட்கிறேன் என்றேன். அவர் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் வைக்கவில்லை. புதியவர் சென்ற கூட்டத்தில் சாப்பாடு முடியும்வரை இருந்தார். பாத்திரம் கழுவவும் நின்றார்.

எளியவன் ஐயா கேட்டதையும் செய்தேன். மூப்பரைத் தனியாகப் பார்த்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். படத்தைப் பற்றி அவர் பேசியது கொஞ்சம்தான். கூட்டத்தில் ஜெப நேரம் குறைந்துகொண்டே வருகிறது, படம் இருக்கும் நாளில் தியானத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறீர்கள், அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, அதனால் படத்தைச் சொன்னேன் என்றார். அது உண்மை. நானே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது படத்தைக் கூட்ட நாளிலிருந்து பிரித்து வேறு நாளுக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "நீங்கள் பார்ப்பதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல வேண்டாம், எங்களைத் தள்ளிவிடாமல் இருந்தால் போதும் என்றேன். தலையாட்டினார். சம்மதமா, சலிப்பா, தெரியவில்லை.

எளியவன் எழுதியது:

அவர் கடைசியாகச் சொன்னது சரியான வாக்கியம் தம்பி. சரி என்று சொல்லாமலே ஒருவரை ஏற்றுக்கொள்ள முடியும். ரோமர் 15:7 அதைத்தான் கேட்கிறது. இளைஞர்கள் அவரைப் பற்றிப் பேசும் தொனியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கல் எழுதியது:

தேதியை மாற்றியது எனக்கு உடன்பாடு. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. அடுத்து கிதார், அதற்கடுத்து கைதட்டல் என்று அவர் பட்டியல் நீண்டுகொண்டே போனால்?

மெழுகுத்திரி எழுதியது:

அப்போது அப்போது பேசிக்கொள்ளட்டும் தம்பி. மூப்பர் எதற்குப் பயப்படுகிறார் என்று ஜன்னலோரம் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுப் பேசட்டும். சில தடவை ஜெப நேரம்போல நியாயமான காரணம் இருக்கும். சில தடவை இருக்காது, அன்றைக்கு மரியாதையாக "இல்லை ஐயா" என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னலோரம், பாடல் குழுவில் பெண்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் ஒருநாள் அந்த மூப்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.